கதவுப் பக்கம் கால்

காலை நெஞ்சுக்கு மேலே வைக்க வேண்டும், பாதி வைத்தியம் அதுதான் என்று ஷகிலா சிஸ்டர் சொன்னபோது இதென்ன பிரமாதம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்டதற்கு, முக்காலி உங்க நெஞ்சுக்கு மேலயா இருக்குதுக்கா என்று திருப்பிக் கேட்டாள். வாய் கொஞ்சம் நீளம் அவளுக்கு, ஆனால் கை மெத்தென்று இருக்கும். படுக்கணும், காலுக்கு அடியில் உயரமாக எதையாவது அடுக்கணும், மதியம் அரை மணி நேரம், சாயங்காலம் பொழுதோடே அரை மணி நேரம். ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு சொல்வதற்கு என்ன, அங்கே கட்டிலை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிப் போடலாம். ஒரு அறையும் சமையல்கட்டுமான இந்த லைன் வீட்டில் எப்படிப் படுப்பது என்று அவளுக்குத் தெரியுமா. மேற்குச் சுவரில் சாமி. முருகன், பண்ணாரி அம்மன், கூடவே இவருடைய அப்பாவும் அம்மாவும் பொட்டும் மாலையுமாக. கிழக்கே தலை வைத்தால் பாதம் நேராக முருகனின் முகத்துக்கு நேரே போய் நிற்கும், அதுவும் சும்மா நீட்டின கால்கூட இல்லை, தூக்கின கால், சீழும் நீரும் வடிகிற கால். வடக்கே தலை வைக்கவே கூடாது. தெற்கே வைக்கலாம், ஆனால் அந்த வாக்கில் பீரோவும் தையல் மிஷினும் போக மிஞ்சிய இடத்தில் ஒரு பச்சைப் பிள்ளைதான் படுக்கும். அந்த இடத்தைப் பச்சைப் பிள்ளைக்கென்றே நான் ஒதுக்கி வைத்திருக்கிறேன் என்பது வேறு. ஆக, படுக்காமலே இருந்தேன். முக்காலியில் காலை வைத்துக்கொண்டு, படுத்தேன் சிஸ்டர், படுத்தேன் என்று வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்தேன். புண் அசையாமல் அப்படியே நின்றது. ஒருநாள் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, நீங்க சொல்றது உங்க காலுக்குத் தெரியலியேக்கா என்றாள். சாமி விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, தலையை அந்தப் பக்கம் மாத்தி வெச்சா கதவுதான வரும், கதவுக்கு என்னக்கா கோவம் வரப்போகுது என்றாள். கதவுக்குக் கோபம் வராது, சரி. கதவைத் திறந்துகொண்டு வருகிறவர்களுக்கு? அதனால் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் இத்தனை நாளாகப் படுக்கிறேன். இன்றைக்குத் தாழ்ப்பாள் போட முடியவில்லை. சம்பந்தியம்மா வருகிறாள், என் மகள் சிந்துஜாவையும் கூட்டிக்கொண்டு வருகிறாள், வளைகாப்புக்கு நாள் குறிக்க. வந்து கதவைத் தட்டினால் நான் எழுந்துபோய்த் திறப்பதற்குள் அவர்கள் வெயிலில் நிற்க வேண்டும், வயிற்றுப் பிள்ளைக்காரி வெயிலில் நிற்கக் கூடாது. வெறுமனே சாத்தி வைத்திருக்கிறேன். தள்ளினால் திறக்கும். திறந்ததும் அந்தப் பொம்பளைக்குக் காட்சி கொடுக்கப்போவது என் உள்ளங்கால்தான்.

இறக்கிவிடலாமா. பக்கத்து வீட்டில் மதிய சீரியல் ஓடுகிறது, சுவர் வழியாக அழுகை கேட்கிறது, அது முடிகிறவரை வைத்திருந்தால் என் கணக்குச் சரியாக இருக்கும். எழுந்து சேலையைச் சரிசெய்து, நாற்காலியில் உட்கார்ந்து, காலைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு, வாங்க சம்பந்தி என்று சிரிக்கலாம். ஆனால் சிஸ்டர் சொல்லியிருக்கிறாளே, இந்த வேகத்தில் போனால் பிள்ளை பிறக்கிறதுக்குள் புண் மூடிவிடும் என்று. பிறக்கிறதுக்குள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த அரை மணி நேரம். உள்ளங்கை அகலம் இருந்தது இப்போது ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வந்திருக்கிறது. ஓரத்தில் புதுத் தோல் ரோஸ் நிறத்தில் வருகிறது, நானே பார்த்தேன், ஆஸ்பத்திரியில் கழுவும்போது குனிந்து பார்த்தேன், என் கண்ணுக்குத் தப்புமா, எத்தனை ஆயிரம் பனியன் பீஸ் பார்த்த கண். இறக்க மாட்டேன். வந்து பார்க்கிறவள் பார்த்துக்கொள்ளட்டும். கட்டு நனைந்திருக்கிறதா என்று மட்டும் தெரியவில்லை, படுத்தபடிக்குத் தெரியாது. நாளைக்குத்தான் கட்டு மாற்றுகிற நாள். மாற்றுவதற்கு முந்தின நாள் எப்போதும் மோசம். இன்றைக்கா வர வேண்டும் அவர்கள். நாளை மறுநாள் வந்தால் என்ன, பஞ்சாங்கம் ஓடியா போய்விடும். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தபோது சிந்துஜா வயிற்றில்கூட இல்லை. மேஜை இடுப்பு உயரம், மேலே டியூப்லைட், ஒவ்வொரு பீஸாகப் பிரித்துப் புரட்டி ஓட்டை, கறை, நூல் பிசிறு, தையல் விட்டது எல்லாம் பார்க்க வேண்டும், இருந்தால் அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிப் போட வேண்டும். நின்றுகொண்டுதான். உட்கார்ந்து பார்த்தால் கறை கண்ணில் படாது என்பான் சூப்பர்வைசர், அவன் உட்கார்ந்துகொண்டுதான் சொல்வான். சாயங்காலமானால் கால் வீங்கும், செருப்பு வார் பதிந்து கிடக்கும், கெண்டைக்காலில் நரம்பு பச்சையாக முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். எல்லாருக்கும் அப்படித்தான். காலைக் காட்டிக் காட்டிச் சிரித்துக்கொள்வோம், யார் காலில் ரோட்டு மேப் பெரிது என்று. அப்புறம் கணுக்காலுக்கு மேலே உள்பக்கமாகத் தோல் கறுத்தது, துரு ஏறின மாதிரி ஒரு கறுப்பு. அரித்தது. அரிப்பு என்றால் அப்படியொரு அரிப்பு, நூல் வெட்டுகிற டிரிம்மரின் பின்புறத்தால் சொறிந்துகொள்வேன், சொறியும்போது கண் சொருகும். மற்றவர் துணியில் ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவளுக்குச் சொந்தக் காலின் கறுப்பு ஒரு குறையாகத் தெரியவில்லை பாருங்கள்.

அட்டைப்பெட்டி அடுக்கும் கட்டைச் சட்டத்தில் இடித்துக்கொண்டது ஒரு சின்ன இடி, அவ்வளவுதான், மிளகாய் விதை அளவு தோல் போயிற்று. அது ஆறவில்லை. புண் என்று ஒன்று வந்தால் ஊரே டாக்டர். சுகரா, சுகரா, சுகரா. எதிர் வீட்டுக்காரி, டீக்கடைக்காரர், கம்பெனி வேன் டிரைவர், எல்லாரும் முதலில் கேட்பது அதுதான், கேட்டுவிட்டு, இப்படித்தான் எங்க பெரியம்மாவுக்கு என்று ஆரம்பித்துக் காலை எடுத்ததில் கொண்டுபோய் முடிப்பார்கள். சுகர் இல்லை, ரத்தம் எடுத்துப் பார்த்தாயிற்று என்றால் நம்ப மாட்டார்கள், நான் மறைக்கிறேன் என்று பார்ப்பார்கள். மஞ்சள் வைத்தேன், வேப்பெண்ணெய் வைத்தேன், மெடிக்கல் கடைக்காரன் கொடுத்த பவுடரைக் கொட்டினேன், அது நீரோடு சேர்ந்து பக்குப்பிடித்து உள்ளேயே சீழ் கட்டியது. அப்புறம்தான் என் மூளை வேலை செய்தது. பனியனின் கைவிளிம்புக்கு வைக்கிற ரிப் துணி இருக்கிறதே, இழுத்தால் நீளும், விட்டால் கவ்வும், குழாயாகவே வரும், வேஸ்டில் கிடந்ததை அளவு பார்த்து வெட்டிக் காலில் மாட்டிக்கொண்டேன். வீக்கம் தெரியவில்லை, நீர் வெளியே கசியவில்லை, ஆகா என்றிருந்தது. செக்கிங் மேஜையில் எல்லாரும் கேட்டார்கள், நாலைந்து பேருக்கு நானே வெட்டிக் கொடுத்தேன், துளசிமணி அக்கா டாக்டருக்குப் படித்திருக்கலாம் என்றார்கள். ஷகிலா சிஸ்டர் அதை உருவி எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, இத எங்கக்கா வாங்குனீங்க என்றாள். கெண்டைக்கால் பெருத்த இடத்தில் அது கவ்வியிருந்தது, கணுக்காலில் தொளதொளவென்று கிடந்தது. இறுக்கம் கீழ இருக்கணும், மேல போகப் போகக் குறையணும், நீங்க மேல இறுக்கிக் கீழ விட்டிருக்கீங்க, கெட்ட ரத்தம் எப்படி ஏறும், அங்கயே கெடந்து ஊறிப்போச்சு என்றாள். கெண்டைக்காலைச் சுற்றி வளையம் வளையமாகப் பதிந்திருந்தது. அந்த நாலைந்து பேருக்கும் போன் போட்டுச் சொன்னேன், கழற்றி எறியுங்கடி என்று. ஒருத்தி மட்டும், எனக்கு நல்லாத்தான் இருக்குதுக்கா என்றாள், அவள் இன்னும் போட்டுக்கொண்டுதான் நிற்கிறாளோ என்னவோ.

நரம்புக்குள்ளே சின்னச் சின்ன மூடிகள் இருக்கின்றனவாம். கால் ரத்தம் மேலே ஏறும்போது திறக்கும், கீழே விழப் பார்த்தால் மூடிக்கொள்ளும். நின்று நின்று அந்த மூடிகள் தளர்ந்துவிட்டன. ஏறின ரத்தம் திரும்ப விழுகிறது, கணுக்காலில் தேங்குகிறது, தேங்கினால் தோல் அழுகத்தானே செய்யும். டாக்டர் ஒரு மிஷினைப் பாதத்தில் வைத்துக் கேட்டார், சர் சர்ரென்று சத்தம் வந்தது, அதுதான் ரத்தம் கீழே நன்றாக வருகிற சத்தம், வந்தால்தான் இறுக்கிக் கட்டலாமாம், வராத காலை இறுக்கினால் கால் போய்விடுமாம். என் உடம்பில் இத்தனை சத்தமாக ஓடுகிற ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் கட்டு. முதலில் பஞ்சு, மேலே துணி, அதற்கும் மேலே இழுத்துச் சுற்றுகிற கட்டு, விரல் அடியிலிருந்து முட்டிக்குக் கீழே வரைக்கும். பிரிக்கக் கூடாது, நனைக்கக் கூடாது, அடுத்த வாரம் நான்தான் பிரிப்பேன் என்று சிஸ்டர் கையெழுத்துப் போடாத குறை. சும்மா நிற்காதீங்க, நடங்க, நடந்தா கெண்டைச்சதை பிழிஞ்சு ரத்தத்த மேல ஏத்தும், இல்லைன்னா உக்காருங்க, இல்லைன்னா படுங்க என்றாள். நிற்காதே என்று என்னிடம் முதல்முதலாகச் சொன்னது அவள்தான். ஆறுவதற்கு மாசக்கணக்காகும், ஆறின பிறகும் அழுத்தமான காலுறை ஆயுசுக்கும் போட வேண்டும், போடாவிட்டால் திரும்ப வரும் என்று அதையும் சொல்லிவிட்டாள். ஆயுசுக்கும் போடுகிறேன், எனக்கென்ன. வேலையை விட்டதில்கூட வருத்தமில்லை. ஒட்டுமா என்று மட்டும் கேட்டேன். ஒட்டாதுக்கா, இது உங்க நரம்போட கோளாறு, பக்கத்துல படுத்தாலும் ஒட்டாது என்றாள். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் நல்ல மனுசன், மில்லில் வாட்ச்மேன், யாரையும் ஒரு சொல் சொல்ல மாட்டார். ஆமாமா, ஒட்டாதுதான் என்றார். ஆனாலும் பாயைச் சமையல்கட்டுக்குக் கொண்டுபோய் ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது. ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து ஃபேனுக்கு நேர் கீழே படுத்த மனுசன். நானும் ஆமாம், உங்களுக்குச் சளி பிடிக்கும் என்கிறேன். நமநமவென்று அரிக்கிறது கட்டுக்குள்ளே. சொறியக் கூடாது. விரல்களை முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லியிருக்கிறாள், ஆட்டினால் கொஞ்சம் அடங்கும். ஆட்டுகிறேன். கதவைப் பார்த்து யாரையோ வா வா என்று கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

ஸ்கூட்டர் சத்தம். இல்லை, தாண்டிப் போய்விட்டது. பஸ்ஸில்தான் வருவார்கள், பல்லடத்திலிருந்து நேர் பஸ், முக்கில் இறங்கி நடக்க வேண்டும். வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்து வருவதை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது. வளைகாப்பன்றைக்குக் கட்டுச்சோறு கொண்டுபோவோம், புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு, எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போய், வளையல் அடுக்கி, நலங்கு வைத்து, சாயங்காலம் பிள்ளையை நம் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டும். வந்தால் பிரசவம் முடிந்து மூன்று மாசம் வரை என் பிள்ளை என் வீட்டில். ஊரில் எல்லாப் பெண்ணுக்கும் நடக்கிறதுதான். எனக்கு மட்டும் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது. எனக்குத் தெரியும் ஏன் என்று. அவள் சின்னப் பிள்ளையாக இருந்த காலமெல்லாம் நான் நின்றுகொண்டிருந்தேன். பகல் ஷிப்ட், அப்புறம் ஓவர்டைம், அவளுக்குத் தலை பின்னிவிட்டது எதிர் வீட்டுக்காரி, அவள் வயசுக்கு வந்தது எனக்குத் தெரிந்தது கம்பெனி போனில். அதெல்லாம் யார் குற்றமும் இல்லை, அந்தக் காசில்தான் காலேஜ் படித்தாள். ஆனால் இந்த மூன்று மாசம் இருக்கிறதே, இதில் நான் எங்கேயும் போக வேண்டியதில்லை, அவளும் எங்கேயும் போக வேண்டியதில்லை. சிஸ்டரே சொல்லியிருக்கிறாள், உட்காரு, படு, கொஞ்சம் நட என்று. பிள்ளையைக் குளிப்பாட்ட ஆள் வைத்துக்கொள்ளலாம், பத்தியச் சோறு நான் உட்கார்ந்துகொண்டே ஆக்கிவிடுவேன். பீரோவுக்குப் பக்கத்தில் பிள்ளை, இந்தப் பக்கம் அவள், அவளுக்கு அந்தண்டை நான். நடுராத்திரி பிள்ளை அழுதால் நான்தான் முதலில் முழித்துக்கொள்வேன், எனக்குத்தான் தூக்கமே இல்லையே. மெத்தென்ற பனியன் துணியில் சின்னச் சின்னச் சட்டை தைத்து வைத்திருக்கிறேன், பிசிறு இல்லாமல், தையல் மேடு உறுத்தாமல், ஒன்றுகூட ஸ்டிக்கர் ஒட்டும்படி இல்லை. அவள் வரட்டும், காட்ட வேண்டும்.

போன மாசம் வந்தபோதே காட்டியிருக்கலாம். அன்றைக்குச் சட்டென்று கிளம்பிவிட்டாள். வந்தவள் உள்ளே வந்து உட்காரவே இல்லை, வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள், உள்ள புழுக்கமா இருக்குதும்மா என்றாள். மார்கழி முடிந்து தை பிறந்த சமயம். சரி, வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு உடம்பு காந்தும், எனக்கும் காந்தியது. தட்டை வாங்கிக்கொண்டு வெளியேதான் சாப்பிட்டாள், இரண்டு வாய். அன்றைக்கும் கட்டு மாற்றுகிறதுக்கு முந்தின நாள்தானா, இல்லை, அதற்கும் முந்தின நாளா. ஞாபகம் இல்லை. அது எதற்கு இப்போது. வரும்போது பை நிறைய ஊதுபத்தி வாங்கி வந்திருந்தாள், மல்லிகை, சந்தனம் என்று கட்டுக் கட்டாக, சாமிக்கும்மா என்றாள், காலையிலயும் பொழுதோடயும் பத்த வெய்யி. வந்ததுமே அவளே இரண்டைப் பற்ற வைத்தாள். பக்தி வந்துவிட்டது பிள்ளைக்கு என்று எதிர் வீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொன்னேன். எதிர் வீட்டுக்காரி ஒன்றும் பேசவில்லை. அவள் ஏன் ஒன்றும் பேசவில்லை. எதற்கெடுத்தாலும் பேசுகிறவள். நாறுகிறதா என் கால்? எனக்கு என் வாசனை தெரிவதில்லை. அதுதான் இதில் பெரிய கொடுமை, தன்னுடையது தனக்குத் தெரியாது. இந்தக் கையை முகர்ந்தால் சோப்பு வாசம்தான் வருகிறது. வேண்டாம். அந்தப் பக்கம் போகாதே. என் பிள்ளை அப்படி இல்லை. சின்னதில் நான் கம்பெனியிலிருந்து வேர்வையும் பஞ்சுமாக வருவேன், ஓடிவந்து சேலைக்குள் மூஞ்சியைப் புதைத்துக்கொள்ளுமே, அந்தப் பிள்ளை. புழுக்கமாக இருக்கிறது என்றால் புழுக்கம்தான்.

இந்தச் சம்பந்தியம்மாதான். ராஜாமணி என்று பெயர், பெயருக்கேற்ற நடை. சொந்தமாக நாலு தறி ஓடுகிறது, அந்தச் சத்தத்தில் பேசிப் பேசித் தொண்டை பழகிப்போய்ச் சாதாரணமாகக் கேட்டாலே அதட்டுகிற மாதிரி இருக்கும். கல்யாணத்தன்றைக்குக் காப்பி ஆறிப்போச்சு என்று மண்டபத்துக்கே கேட்கச் சொன்னாள். போனில் கேட்கிறாள், புண்ணு எப்படி இருக்குதுங்க, ஆறுதுங்களா, டாக்டரு என்ன சொல்றாருங்க. கேட்பது எதற்கு என்று எனக்குத் தெரியாதா. பச்சைப் பிள்ளை வருகிற வீட்டில் புண்ணோடு ஒருத்தி இருந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லப்போகிறாள், அதற்கு அடி போடுகிறாள். சொல்லட்டும், நான் தயாராகத்தான் இருக்கிறேன். இது சுகர் புண் இல்லைங்க சம்பந்தி. இது தொற்று இல்லைங்க. நரம்பில் மூடி தளர்ந்தது, அவ்வளவுதான், நீங்களும் தறிக்கு நிற்கிறவங்கதானே, உங்க காலையும் ஒரு தடவை காட்டிக்குங்க. அதைச் சொல்ல வேண்டாம், சண்டையாகிவிடும். வேண்டுமென்றால் ஷகிலா சிஸ்டருக்குப் போன் போட்டுத் தருகிறேன், நீங்களே கேளுங்கள் என்று சொல்ல வேண்டும். காசு அளவுக்கு வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பிள்ளையைத் தொட மாட்டேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் முதல் பிரசவம் அம்மா வீட்டில்தானுங்க, அதைக் கேட்கக் கூடாதுங்க நீங்க. குரல் உடையாமல் சொல்ல வேண்டும். அழுதால் தோற்றேன். சிந்துஜா பக்கத்தில் இருப்பாள், அவளும் எனக்காக ஒரு வார்த்தை சொல்வாள், அம்மாகிட்டதான் போவேன் அத்தை என்பாள். அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இந்தப் பொம்பளை என்ன செய்ய முடியும். கால் மரத்துப்போகிறது. பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. சீரியலில் இன்னும் யாரோ அழுதுகொண்டிருக்கிறார்கள், அந்த வீட்டில் எத்தனை நாளைக்குத்தான் அழுவார்கள்.

செருப்புக் கழற்றுகிற சத்தம். ஒரு ஜோடிச் செருப்பு. எழுந்திருக்கக் கையை ஊன்றினேன், ஊன்றின கை வழுக்கியது, அதற்குள் கதவு திறந்து வெயில் உள்ளே விழுந்தது, என் பாதத்துக்கு அந்தப் பக்கம் சம்பந்தியம்மாவின் முகம். "அட, எந்திரிக்காதீங்க, கெடங்க கெடங்க. காலத் தூக்கி வெக்கச் சொன்ன நேரமுங்களா? ஆவட்டும். நேரம் முடியட்டும்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "சிந்து வரலீங்களா?" என்றேன், முதலில் வந்தது அதுதான், வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. "வெயிலுங்க. பஸ்ஸுல குலுக்குமின்னு நாந்தான் வேண்டாம்னுட்டேன்." உட்கார இடம் தேடினாள். கதவுக்கும் என் பாதத்துக்கும் நடுவில்தான் இடம் இருந்தது, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவள் மூஞ்சிக்கு நேராக என் கட்டு. நான் சேலையை இழுத்துவிடப் பார்த்தேன், எட்டவில்லை. அவள் கட்டையே பார்த்தாள், அப்புறம் விரல்களைப் பார்த்தாள். "வெரலெல்லாம் சில்லுன்னு கெடக்குதே," என்று இரண்டு கையாலும் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். இத்தனை மாசத்தில் ஷகிலா சிஸ்டரைத் தவிர அந்தக் காலை யாரும் தொடவில்லை. அவளுடையதும் கையுறை போட்ட கை.

"நான் ஒண்ணு சொல்லோணுங்க. தப்பா எடுத்துக்கப்படாது," என்றாள். அந்தத் தறிக்காரத் தொண்டையில் அத்தனை சின்னக் குரல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. "வளைகாப்ப ஜாம்ஜாமுன்னு பண்ணிப்போடலாமுங்க. கட்டுச்சோறு நீங்க கொண்டாங்க. அதுக்கப்பறமேட்டு புள்ள எங்கூட்டுலயே இருக்கட்டுமுங்க. பிரசவத்த நாம்பாத்துக்கறேன்." நான் வைத்திருந்ததை எல்லாம் எடுத்தேன், சுகர் இல்லை, தொற்று இல்லை, காசு அளவு, எங்கள் பக்கத்து வழக்கம், சிஸ்டர் நம்பர். "ஒட்டாதுங்க சம்பந்தி. சிஸ்டருகிட்டயே பேசிப்போடுங்க," என்றேன். "ஒட்டாதுன்னு அவங்க சொல்லுவாங்க. எனக்குத்தான் பயமுங்க. பச்சப்புள்ள வர்ற நேரம். நான் பயந்தவ, வெச்சுக்கங்களேன். என்மேலயே கோவத்த வெச்சுக்கங்க," என்றாள். சொல்லிக்கொண்டே அவளுடைய கை விரலிலிருந்து கணுக்காலுக்கு வந்துவிட்டது. கட்டு நனைந்திருந்திருக்கிறது. அவள் உள்ளங்கையில் மஞ்சளாக ஈரம் பட்டதை நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள். எழுந்துபோய்க் கழுவவில்லை. முந்தானையில் துடைக்கவில்லை. மூக்கைச் சுளிக்கவில்லை. திரும்ப அதே இடத்தில் கையை வைத்து மெதுவாகத் தேய்த்தாள். ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறவள் இப்படித் தொட மாட்டாள். பயம் இவளுக்கு இல்லை. இவள் சண்டை போட வரவில்லை, பழியை வாங்கிக்கொள்ள வந்திருக்கிறாள். எனக்கு ஒரு நொடியில் எல்லாம் தெரிந்துவிட்டது. வாசல்படி. இரண்டு வாய்ச் சோறு. ஊதுபத்தி. வர மாட்டேன் என்று சொன்னது என் பிள்ளை.

கேட்கக் கூடாது என்று நினைத்தேன். கேட்டால் அவள் போட்டுக்கொண்டு வந்த பொய் வீணாகும், கேட்காவிட்டால் என்றைக்கும் இந்தப் பொம்பளையையே திட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம், அதற்காகத்தான் வெயிலில் பஸ் ஏறி வந்திருக்கிறாள். ஆனால் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "எம்புள்ள நாத்தம்னு சொன்னாளாங்க?" சம்பந்தியம்மாவின் கை நின்றது. என்னைப் பார்க்கவில்லை, என் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் என் காதுக்குள் இறங்கியது, படுத்திருந்தால் அப்படித்தான், துடைக்கவும் தோன்றவில்லை. அவள் திரும்ப விரல்களைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள், "மசக்கைங்க சம்பந்தி. காப்பி வாசமே ஆகமாட்டேங்குது அவளுக்கு. வேறொண்ணுமில்லீங்க, மசக்கை." அவளும் பிள்ளை பெற்றவள், நானும் பிள்ளை பெற்றவள். ஏழாம் மாசத்தில் ஏது மசக்கை.

"ஆமாங்க," என்றேன். "மசக்கைதான். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."